கேரட் காட்டில் ஐந்து பேர்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, கதவை ஒருக்களித்துவிட்டு, கம்பளியை முழங்கால் வரை இழுத்து விட்டுக்கொண்டு... ஒரு கதை வைத்திருக்கிறேன், பெரிய கதையில்லை, ஒருத்தி பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு கேரட் காட்டைப் பார்த்துவிட்டு மறுபடி பஸ் ஏறுகிற வரைக்குமான கதை, கால் நடந்த தூரம் கொஞ்சம், மனசு போன தூரம்தான் அதிகம், அது போன வழியிலேயே உங்களையும் கூட்டிக்கொண்டு போகிறேன், எங்கேயாவது தடுக்கினால் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

...நாலு பேர் இருந்தால் போதும் என்றுதான் விதி சொல்கிறது, ஐந்து இருந்தால் இன்னும் நல்லது, நாலுக்குக் குறைந்தால் குழு இல்லை, குழு இல்லையென்றால் கடன் இல்லை, இதை எத்தனை வருஷமாக எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள் தபித்தாள், ஜெகதளாவுக்கு மேலே இந்த வளைவில் பஸ் இறக்கிவிட்டுப் போய் கால் மணி நேரம் ஆயிற்று, கீழே பள்ளம் முழுக்க மூடுபனி, கேரட் காடும் தெரியவில்லை, இறங்குகிற ஒற்றையடிப் பாதையும் தெரியவில்லை, தெரிகிற வரைக்கும் நிற்க வேண்டியதுதான், நிற்கும்போது வேறென்ன, விதிகள்தான் மனசுக்குள் ஓடுகின்றன, முப்பத்தோரு வருஷம் வங்கியில் வேலை பார்த்தவளுக்கு ஜெபத்தைவிட விதிகள் சீக்கிரம் வாயில் வருகின்றன, கர்த்தர் மன்னிப்பாராக. நிலம் சொந்தமாக இருக்கிறவனுக்குப் பட்டாவைப் பார்த்துப் பயிர்க்கடன், நகை இருக்கிறவனுக்கு நகையை வாங்கி வைத்துக்கொண்டு கடன், இரண்டும் இல்லாமல் வாய்ப்பேச்சில் குத்தகைக்கு எடுத்து உழுகிறவனுக்கு? அவனுக்கு ஆள்தான் ஈடு, ஐந்து பேர் ஒன்றாகச் சேர்ந்து, ஒருவன் கட்டாவிட்டால் மற்ற நாலு பேரும் கட்டுகிறோம் என்று ஒருவருக்கொருவர் கையெழுத்துப் போட்டால், அதற்குக் கூட்டுப் பொறுப்புக் குழு என்று பெயர், ஆலங்கட்டி மழை ஒருவன் காட்டில் விழுந்தால் இன்னொருவன் காடு தப்பும், ஒருவன் படுத்தால் இன்னொருவன் எழுந்து நிற்பான், வங்கிக்கு வருகிற ஆபத்தை ஐந்து தோளுக்குப் பிரித்து வைக்கிற யோசனை, நல்ல யோசனைதான், பயிற்சி வகுப்பில் இதைச் சொல்லிக் கொடுத்தபோது தபித்தாளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது, தனியாளுக்குக் கடன் கிடையாது என்ற கடைசி வரியை அப்போது அவள் அவ்வளவாகக் கவனிக்கவில்லை.

இன்னும் பத்தொன்பது நாள், அப்புறம் ஓய்வு, மேஜையைக் காலி செய்ய வேண்டும், மேஜையில் என்ன இருக்கிறது, ஒரு தம்ளர், ஒரு மூக்குக் கண்ணாடிப் பெட்டி, ஓய்வூதியப் படிவம் ஒன்று மூன்று வாரமாக முடிக்காமல் கிடக்கிறது, எல்லாம் எழுதியாயிற்று, வாரிசுதாரர் பெயர் என்ற ஒரு கட்டத்தைத் தவிர, முன்பு எழுதிய படிவங்களில் அந்தக் கட்டத்தில் அம்மா பெயர் இருந்தது, அம்மா போய் இரண்டரை வருஷம், அக்கா மகள் ஆன்சி பஹ்ரைனில், காலையில் ஒரு வசனம் போட்ட பூப்படம் அனுப்புவாள், அதே படத்தை நூறு பேருக்கு அனுப்புவாள் போல, ஒரு தடவை தபித்தாள் முழங்கால் வலி என்று எழுதியதற்கு மறுநாள் காலையில் இன்னொரு பூப்படம் வந்தது... சரி, அவளுக்கு என்ன வேலையோ. கைப்பையில் போன் அதிர்ந்தது, குன்னூர்க் கிளை மேலாளர் அஸ்வந்த், முப்பது வயது ஆகவில்லை, நல்ல பிள்ளைதான், எல்லாவற்றையும் ஓடிக்கொண்டே பேசும் பிள்ளை, "மேடம், ரீச் ஆயிட்டீங்களா? ஒண்ணும் பெருசா வேண்டாங்க, காட்டுல மெம்பருங்க நிக்கிற மாதிரி ஒரே ஒரு போட்டோ, ஆப்புல ஏத்திருங்க, இடம் தேதியெல்லாம் அதுவே போட்டுக்கும், அஞ்சு மணிக்குள்ள வந்தா இந்த வருஷத்துக்குப் புதுப்பிச்சுடலாம்... மேடம்? கேக்குதுங்களா?" என்பதற்குள் சிக்னல் போய்விட்டது, இந்த வளைவோடு சிக்னல் முடிந்துவிடும், கீழே இறங்கினால் மறுபடி அருவங்காடு பக்கம் போகிற வரைக்கும் யாரும் யாரையும் கூப்பிட முடியாது.

ஐந்து வருஷத்துக்கு ஒரு கையெழுத்து, அதுதான் இந்தக் குழுவின் கணக்கு, விடிவெள்ளிக் குழு என்று பெயர் வைத்தவள் கருப்பம்மா, தலைவியும் அவள்தான், சிலோனிலிருந்து சின்ன வயசில் கப்பலேறி வந்தவள், தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துப் பறித்து விரல் நுனியெல்லாம் கறுத்துப்போய், பிறகு வேலையை விட்டு இந்தப் பள்ளத்தில் குத்தகைக்குக் கேரட் போட்டவள், அவளோடு அய்யாவு, சின்னம்மை, விஜயா, சுரேஷ், ஆளுக்கொரு துண்டு நிலம், ஐந்து துண்டும் ஒட்டி ஒட்டி. ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை ஐந்து பேரும் கையெழுத்துப் போட வேண்டும், நடுவில் வருஷா வருஷம் யாராவது நேரில் போய்ப் பார்த்து, ஐவரும் இருக்கிறார்கள், ஐவரும் பயிர் செய்கிறார்கள் என்று எழுத வேண்டும், அந்த யாராவது தபித்தாள்தான், முதல் வருஷம் போனாள், ஐந்து பேரும் வரிசையாக நின்று சிரித்தார்கள், சுரேஷ் ஒரு கேரட்டைக் கழுவாமல் துண்டில் துடைத்துக் கொடுத்தான், இனிப்பாக இருந்தது. அதற்கப்புறம் இரண்டு வருஷம் போகவில்லை. ஏன் போகவில்லை? முழங்கால் என்று சொல்லலாம், ஆள் பற்றாக்குறை என்று சொல்லலாம், இரண்டும் உண்மைதான், ஆனால் உண்மையான உண்மை வேறு, அம்மா போன பிறகு எங்கேயும் போகத் தோன்றவில்லை, அவ்வளவுதான், மேஜையில் உட்கார்ந்தபடி போனில் கேட்பாள், "கருப்பம்மா, எல்லாரும் இருக்காங்கல்ல?" என்று, "இருக்காங்கம்மா" என்று பதில் வரும், அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு, ஐவரும் நேரில் பார்க்கப்பட்டனர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள், இரண்டு தடவை, தவணை ஒருநாள்கூடத் தவறாத குழு, யார் கேட்கப்போகிறார்கள், கிளையிலேயே சிறந்த குழு என்று போன வருஷம் பெயர்ப்பட்டியலில் முதலில் போட்டார்கள்.

பனி அசைந்தது. ஒரே இடத்தில் நின்றிருந்தது மெல்ல இடம் பெயர்ந்து, நடுவில் ஒரு கிழிசல் விழுந்து, கீழே கொஞ்சம் பச்சை, கொஞ்சம் கிளறிய செம்மண், அங்கே ஒரு ஆள், அப்புறம் இன்னொரு ஆள்... தபித்தாள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எண்ணினாள், ஒன்று, இரண்டு, மஞ்சளாக மழைக்கோட்டு போட்டுக்கொண்டு மூன்றாவது, அங்கே தள்ளி நாலு, குனிந்து நிமிர்வது ஐந்து, ஐந்து பேரும் இருக்கிறார்கள், அவரவர் துண்டில் அவரவர், அவளுக்கு நெஞ்சில் என்னவோ இறங்கியது, இரண்டு வருஷமாக அங்கே ஒரு கல் இருந்தது இறங்கிய பிறகுதான் தெரிந்தது, கர்த்தாவே ஸ்தோத்திரம் என்று வாய்விட்டே சொன்னாள், பொய் எழுதவில்லை, பார்க்காமல் எழுதினேனே தவிரப் பொய் எழுதவில்லை, உடனே போனை எடுத்து ஆப்பைத் திறந்து மேலிருந்தே ஒரு படம் எடுத்தாள், பனிக்குள் ஐந்து உருவம், கீழே இடமும் தேதியும் தானே வந்து விழுந்தன, வயலில் நேரில் இருந்தோர் எண்ணிக்கை என்ற இடத்தில் ஐந்து என்று தட்டினாள், சிக்னல் வந்ததும் தானாக அனுப்பப்படும் என்று ஒரு வரி வந்தது, வேலை முடிந்தது, இப்படியே அடுத்த பஸ்ஸில் போய்விடலாம்... ஆனாலும் இத்தனை தூரம் வந்துவிட்டு, கடைசித் தடவை, ஐந்து முகத்தையும் பார்த்து ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போகலாமே, ஆளோடு மனசு விட்டுப் பேசி எத்தனை நாள் ஆயிற்று, கவுன்ட்டரில் பேசுவதெல்லாம் பேச்சா.

பாதை வழுக்கியது, குடையை ஊன்றி ஊன்றி இறங்கினாள், பனி மறுபடி மூடிக்கொண்டது, முதலில் எதிர்ப்பட்டது மஞ்சள் மழைக்கோட்டுதான், விஜயாதான், திரும்பி நிற்கிறாள், "ஏனுங்க விஜயா, சவுக்கியங்களா?" என்று கேட்டாள், பதில் இல்லை, காது கேட்கவில்லையோ, கிட்டப் போய்த் தோளைத் தொட்டாள், தோள் இல்லை, ஒரு சவுக்குக் கொம்பு, குறுக்கே ஒரு கொம்பு, அதில் மாட்டிய மழைக்கோட்டு, தலை இருக்க வேண்டிய இடத்தில் கவிழ்த்த உரச்சாக்கு. தபித்தாள் கையை எடுக்கவில்லை, எடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை, ஈரமான மழைக்கோட்டின் மேல் கையை வைத்தபடியே அடுத்த துண்டைப் பார்த்தாள், அங்கே பழுப்பு ஸ்வெட்டர், அய்யாவு முதல் வருஷம் போட்டிருந்த அதே ஸ்வெட்டர், முழங்கையில் வேறு நிற நூலால் தைத்தது, அது காற்றுக்குக் கொஞ்சம் அசைந்தது, அந்தப்பக்கம் சின்னம்மையின் பூப்போட்ட துப்பட்டா, அதற்கும் அந்தப்பக்கம் சுரேஷின் பச்சைத் தொப்பி, நாலும் கொம்பு, அப்படியென்றால் ஐந்தாவது... "வாங்கம்மா" என்று பின்னாலிருந்து குரல் வந்தது, கருப்பம்மா, இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு, கையில் களைக்கொத்து, முன்னைவிட மெலிந்து, முன்னைவிடச் சின்னதாகி, "மேல ரோட்டுல ரொம்ப நேரமா ஆடாம அசையாம நின்னுக்கிட்டு இருந்தீங்களே, அங்க ஒரு கொம்பை நான் எப்ப நட்டேன்னு யோசனையாப் போச்சு" என்றாள், சிரிப்பில்லாமல் சொன்னாள், வேறு நாளாயிருந்தால் அதற்கே சிரிப்பு வந்திருக்கும், இப்போது தபித்தாளுக்குச் சிரிக்க வரவில்லை.

வரப்பில் உட்கார்ந்தார்கள், கருப்பம்மா பிளாஸ்கிலிருந்து மூடியில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள், பாலில்லாமல், கருப்பட்டி கடித்துக்கொள்ள, ஒன்றும் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தாள், சொல்ல ஆளில்லாமல் இருந்தது வெளியே வருவதுபோல, அய்யாவு அண்ணன் போய் இரண்டு வருஷம், நெஞ்சு வலி, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே, சுரேஷ் திருப்பூரில் பனியன் கம்பெனி, விஜயா பிள்ளைகள் படிப்பென்று கோயம்புத்தூர், சின்னம்மை கடைசியாகப் போனவள், இந்தச் சித்திரையில் மகள் வீட்டுக்கு, "போறப்ப துப்பட்டாவைக் குடுத்துட்டுப் போனா, காட்டுமாடு இறங்குதே, கட்டி வை அக்கான்னு, அவங்கவங்க துணியை அவங்கவங்க பாத்தியிலயே நட்டேன், மாடு ஏமாறுதோ இல்லையோ, எனக்குத் துணை." அப்படியென்றால் ஐந்து துண்டையும்? "நாந்தான்." தவணை? "நாந்தான். அவுங்க பேருல அவுங்க பங்கு." போனில் கேட்டபோதெல்லாம் இருக்கிறார்கள் என்றாயே என்று தபித்தாள் கேட்டாள், கோபமாகக் கேட்கத்தான் நினைத்தாள், குரல் அப்படி வரவில்லை, கருப்பம்மா கருப்பட்டியை ஒரு பக்கக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "சிலோன்ல எங்க தோட்டத்துல காலையில பெரட்டு இருக்கும்மா, எல்லாரையும் நிக்க வச்சுப் பேர் கூப்பிடுவாங்க, பேர் கூப்பிட்டப்ப ஆள் இல்லேன்னா அன்னிக்குச் சம்பளம் போச்சு, யாருக்காவது காய்ச்சல்னா, பிள்ளை பொறந்துருச்சுன்னா, பக்கத்துல நிக்கிறவங்க 'இருக்கேங்க'ன்னு குரலை மாத்திக் குடுப்பாங்க, எங்க அம்மா மூணு பேருக்குக் குடுப்பா, அப்புறம் அவுங்க மூணு பேரோட கொழுந்தையும் சேத்துப் பறிச்சுப் போட்டுருவா, அது களவில்லம்மா, ஆளு திரும்பி வர்ற வரைக்கும் பேரைக் காப்பாத்தி வைக்கிறது... நீங்க போன்ல பேர் கூப்பிட்டீங்க, நான் குரல் குடுத்தேன்."

திரும்பி வருவார்களா? கேட்கவில்லை தபித்தாள், கேட்கக் கூடாத கேள்வி என்று தெரிந்தது. தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது, மனசு அஸ்வந்திடம் ஓடியது, ஓய்வூதியப் படிவத்துக்கு ஓடியது, எண்ணிப் பார்த்தால் எல்லாம் நல்லபடியாகத்தான் இருக்கிறது, போனுக்குள் ஐந்து பேர் படம் இருக்கிறது, பனிக்குள் யார் ஆள் யார் கொம்பு என்று அஸ்வந்துக்குத் தெரியாது, அனுப்பினால் குழு புதுப்பிக்கப்படும், கருப்பம்மாவுக்கு விதை வாங்கப் பணம் வரும், இந்த வாரம் விதைக்காவிட்டால் இந்தப் பட்டம் போயிற்று, பத்தொன்பது நாளில் தபித்தாள் சுத்தமாக வெளியே போய்விடலாம், இன்னும் இரண்டு வருஷம் கழித்துத்தான் மறுபடி கையெழுத்து, அப்போது யாரோ, எவரோ... அனுப்பாமல் உள்ளதை எழுதினால்? குழு கலைந்தது, கடன் நின்றது, முந்தைய இரண்டு அறிக்கையும் யார் போட்டது என்று தோண்டுவார்கள், விசாரணை, ஓய்வூதியம் நிறுத்தி வைப்பு, முப்பத்தோரு வருஷத்துக்கு அப்புறம் அப்படி ஒரு கடிதம், அதை வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டு யாரிடம் அழுவது. எதிரே இருந்த ஐந்து துண்டையும் பார்த்தாள், இரண்டில் கேரட் இலை செழித்து நிற்கிறது, களை ஒன்றுகூட இல்லை, மூன்று கிளறிக் காத்திருக்கின்றன, இவ்வளவையும் இந்த இரண்டு கை... அறுபத்திரண்டு வயசு, போன தை மாதம் கொட்டிய உறைபனி இந்தத் தை மாதமும் கொட்டினால் ஐந்தும் ஒரே ராத்திரியில் கருகும், காப்பீட்டுக்காரன் வந்து ஐந்து பேரையும் கூப்பிடு என்பான், கொம்பு வந்து கையெழுத்துப் போடுமா, ஐந்து தோளில் பிரித்து வைத்திருப்பதாக வங்கி நினைத்துக்கொண்டிருக்கும் பாரம் முழுக்க ஒரே முதுகில் இருக்கிறது, ஏற்றி வைத்தது யார், மேஜையில் உட்கார்ந்து ஐவர் என்று எழுதியவள்தானே.

"நான் இதை எழுதணும் கருப்பம்மா" என்றாள். கருப்பம்மா கொத்தில் ஒட்டிய மண்ணை விரலால் வழித்தாள், அப்புறம், "எழுதாமப் போனீங்கன்னா எனக்கு விதை வரும், எழுதினா உங்க மனசு லேசாவும், யாருக்கு லேசாவணும்னு நீங்களே பாத்துக்கங்க" என்றாள். சுருக்கென்றது. சரியாகத்தான் சொல்கிறாள், பாவமன்னிப்புக்கு வந்து நிற்கிறவள் அடுத்தவளுடைய விதைப் பணத்தையா காணிக்கை போடுவது, ஒரு பக்கம் அப்படித் தோன்றியது, இன்னொரு பக்கம் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், மண்ணை வழிக்கிற அந்த விரல் முழுசாக மடங்கவில்லை, வீங்கியிருந்தது, "கை எத்தனை நாளா இப்படி?" என்று கேட்டாள், "அது கெடக்குது" என்றாள் கருப்பம்மா, "அஞ்சையும் இந்தத் தடவை விதைச்சுருவியா?" என்றாள் தபித்தாள், பனி இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்து போனது, கருப்பம்மா வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, "ரெண்டு முடியும்" என்றாள், "அஞ்சு முடியலேன்னு யார்கிட்டம்மா சொல்றது, சொன்னா அஞ்சும் போயிருமே."

போனை எடுத்துப் புதிதாக ஒரு அறிக்கை திறந்தாள், கருப்பம்மாவைக் கேரட்டுக்கு நடுவில் நிற்கச் சொல்லிப் படம் எடுத்தாள், கருப்பம்மா தலைமுடியைத் தண்ணீர் தொட்டு ஒதுக்கிக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளைபோல விறைத்து நின்றாள், வயலில் நேரில் இருந்தோர் எண்ணிக்கை என்ற இடத்தில் ஒன்று என்று தட்டினாள், கீழே குறிப்பு எழுத இடம் இருந்தது, எழுதியதை எழுதியபடியே வாய்விட்டுப் படித்துக் காட்டினாள், குழுவில் இப்போது இருப்பவர் ஒருவரே, இரண்டு வருடமாக, விலகியவர் ஒவ்வொருவரின் பங்கையும் சேர்த்துப் பயிரிட்டு அவர்கள் தவணையையும் நாள் தவறாமல் செலுத்தியவர் இவரே, இவர் எதிலும் பொய்யாகக் கையெழுத்து இடவில்லை, முந்தைய இரண்டு ஆய்வுகளும் நேரில் செய்யப்படவில்லை, அந்தத் தவறு என்னுடையது, குழு என்ற நிபந்தனையைத் தளர்த்தி இவருடைய உழைப்பையே ஈடாகக் கருதி இரண்டு துண்டு நிலத்துக்கு மட்டும் தனிக்கடன் வழங்கப் பரிந்துரைக்கிறேன். "ஒருத்திக்குக் குடுப்பாங்களா?" என்று கேட்டாள் கருப்பம்மா. "தெரியலீங்க" என்றாள் தபித்தாள், முதல் தடவையாக அவளிடம் மரியாதையாகப் பேசினாள், அது அவளுக்கே பிறகுதான் உறைத்தது, "குடுக்கச் சொல்லி மேல வரைக்கும் நானே போய்க் கேக்கறேன்." கருப்பம்மா தலையை ஆட்டினாள், நம்பினாளா இல்லையா, அந்தத் தலையாட்டலில் கண்டுபிடிக்க முடியவில்லை.

கிளம்பும்போது கருப்பம்மா கிழக்கு மூலையைக் காட்டினாள், அந்த வழியாகத்தான் காட்டுமாடு இறங்குகிறதாம், அங்கே நட ஒரு கொம்பு வைத்திருக்கிறாளாம், மாட்டத் துணிதான் இல்லை, "வீட்டுல பழசு ஏதாவது கெடந்தா அடுத்த தடவை வர்றப்ப..." என்று இழுத்தாள், அடுத்த தடவை என்றாளே, தபித்தாள் அங்கேயே ஸ்வெட்டரைக் கழற்றினாள், காப்பி நிற ஸ்வெட்டர், குளிருமே என்று கருப்பம்மா தடுக்கத் தடுக்க இரண்டு பேருமாகச் சேர்ந்து கொம்பை நட்டு மாட்டினார்கள், மாட்டிய பிறகுதான் பார்த்தாள், மார்பில் வங்கிப் பெயர்ச்சீட்டு குத்தியபடியே இருக்கிறது, தபித்தாள், வேளாண் அலுவலர், எடுக்கக் கையை நீட்டினாள், "இருக்கட்டும்மா, மாடு படிச்சுட்டுத் திரும்பிப் போவட்டும்" என்றாள் கருப்பம்மா, இப்போது இரண்டு பேருக்குமே சிரிப்பு வந்துவிட்டது, எதற்கு இவ்வளவு சிரிக்கிறோம் என்று தெரியாமல் கொஞ்ச நேரம் சிரித்தார்கள், பள்ளத்தில் அந்தச் சிரிப்பு எங்கோ முட்டித் திரும்பி வந்தது.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம், கண்ணாடி சரியாக மூடவில்லை, காற்று நேராக நெஞ்சில் அடிக்கிறது, போனில் இரண்டு அறிக்கைகள் அனுப்பக் காத்திருக்கின்றன, ஒன்றில் பனிக்குள் ஐந்து பேர், ஒன்றில் விறைத்து நிற்கும் ஒருத்தி, அருவங்காடு வளைவு வந்தால் சிக்னல் வரும், வந்தால் இரண்டும் போய்விடும், ஒன்றை அழிக்க வேண்டும், எதை அழிக்க வேண்டும் என்று தெரிந்திருந்தும் விரல் நின்றது, என்ன அழகாக இருக்கிறது அந்தப் படம், ஐந்து பேர் ஒரு காட்டில், யாரும் எங்கும் போகாமல், யாரும் சாகாமல்... நிச்சயமாக நீக்கவா என்று போன் கேட்டது, ஆம் என்று அழுத்தினாள், வளைவு திரும்பியது, போன் ஒரு தடவை அதிர்ந்தது, அனுப்பப்பட்டது என்று வந்தது, அவ்வளவுதான், இனி அஸ்வந்த் பார்ப்பான், முதலில் புரியாது, திரும்பப் படிப்பான், அப்புறம் கூப்பிடுவான், கூப்பிடட்டும். அனுப்பிய அறிக்கையைத் திறந்து பிழை இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்தாள், பழக்கம், வயலில் நேரில் இருந்தோர் எண்ணிக்கை, ஒன்று... ஒன்றா? கண் அந்த எண்ணிலேயே நின்றது, வரப்பில் இரண்டு பேர் அல்லவா உட்கார்ந்திருந்தார்கள், மூடியில் ஒருத்தி குடித்தாள், பிளாஸ்கில் ஒருத்தி குடித்தாள், கொம்பை இரண்டு பேரல்லவா பிடித்து நட்டார்கள், மேலே நின்றபோது நாலு கொம்பையும் ஆளென்று எண்ணியவள், கீழே போன பிறகு ஓர் ஆளை எண்ணாமல் விட்டுவிட்டாளே, எத்தனை வருஷமாக இப்படி விட்டுவிட்டு எண்ணுகிறாள்... திருத்த முடியாது, அனுப்பியாயிற்று. கை தானாக மார்பில் பெயர்ச்சீட்டைத் தேடிப் போனது, அங்கே இல்லை, அது கிழக்கு மூலையில் நின்றுகொண்டிருக்கிறது, பனியில், பேரோடு.

அவ்வளவுதான் கண்ணுகளா. கருப்பம்மாவுக்குக் கடன் வந்ததா என்று கேட்காதீர்கள், பஸ் இன்னும் குன்னூருக்கு வந்து சேரவில்லை. கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொள்ளுங்கள். கேட்ட உங்கள் வீட்டில் பேர் கூப்பிட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கட்டும், தூரம் போனவர்கள் சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வரட்டும், உங்களுக்காகக் கையெழுத்துப் போட நாலு பேர் எந்நாளும் கூப்பிடு தூரத்தில் நிற்கட்டும், வீட்டில் தலையை எண்ணுகிற நேரத்தில் எண்ணுகிறவள் தன்னையும் மறக்காமல் சேர்த்து எண்ணிக்கொள்ளட்டும், நல்லா இருங்க.